மூன்றாவது வெடி

திண்டிவனம்
5-10-1958

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை தையல்நாயகியின் வணக்கம். நானும் உங்கள் மாப்பிள்ளையும் கிருஷ்ணவேணியும் நல்லபடியாக இருக்கிறோம். அண்ணி அம்சாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை வந்தபோது படி ஏற முடியாமல் கஷ்டப்பட்டார்கள். அதே நினைவாக இருக்கிறேன்.

ஒலக்கூர் பக்கத்து நிலத்தில் மல்லாட்டைக் கடலை நன்றாகக் காய் பிடித்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் காட்டுப் பன்றிக்குத் தெரிந்துவிட்டது. பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டுவிட்டுப் போகின்றன. லைசென்சு வாங்கி வைத்திருக்கிற ரைபிளோ, பன்றிக்குக் குறி பார்த்தால் பக்கத்து வரப்புக்குப் போகிறது. குழல் தேய்ந்துவிட்டது, இனி அதற்கு உயிர் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். நீங்கள் தருவித்து வைத்திருக்கும் புதுக் குழலை மாட்டிக் கொடுத்துவிடுங்கள். நாளை மறுநாள் அவரே கொண்டுவந்து உங்கள் கடையில் கொடுப்பார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்வார்.

இங்கே ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் இவர், "எங்க மச்சான் கை பட்டா துருப்பிடிச்ச குழாயும் சுடும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் பெயர் உங்களைவிட முன்னால் ஒலக்கூருக்கு வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
தையல்நாயகி


விழுப்புரம்
25-10-1958

சௌபாக்கியவதி தங்கை தையல்நாயகிக்கு, சக்கரபாணி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு க்ஷேமம். உன் அண்ணிக்கு வலி பரவாயில்லை. பூஜைக்குக் கடை முழுக்கத் தானே துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தாள்.

மாப்பிள்ளை வெங்கடாசலம் ரைபிளோடு பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். குழல் மாட்டுவது என்றால் பழையதைக் கழற்றிப் புதியதை முறுக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நேரில் சொல்ல நேரமில்லை, உனக்கு எழுதுகிறேன். எந்தக் குழலும் உள்ளே நேராக இருப்பதில்லை. வெளியே நூல் பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே துளை மயிரளவு வளைந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உருட்டிக்கொண்டே உள்ளே பார்த்தால் நிழல் வட்டங்கள் ஒரு பக்கம் ஒதுங்கும். வளைவு எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். அந்த இடத்தில் வெளியே எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் ஒரு பொட்டு வைப்பேன். கீறலும் விழாது, துடைத்தால் போய்விடும். பிறகு மரையின் தோளை, அதாவது முறுக்கும்போது முட்டி நிற்கிற விளிம்பை, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, இறுக முறுக்கும்போது பொட்டு உச்சிக்கு வரும்படி செய்ய வேண்டும். வளைவு உச்சியில் நின்றால் குண்டு கொஞ்சம் மேலேயோ கீழேயோ போகும். பக்கவாட்டில் போகாது. மேலே கீழே போவதைக் குறிபார்க்கும் கட்டையில் சரிக்கட்டிவிடலாம்.

ஆற்று மணலில் மாப்பிள்ளை எதிரிலேயே சுட்டுப் பார்த்து, முன் குறிக்கட்டையை ஒரு நூல் இடது பக்கம் தட்டியிருக்கிறேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நின்றார். அவரிடம் சொல், புதுக் குழல் ஆகையால் தொடர்ந்து இரண்டு வெடிக்கு மேல் சுட வேண்டாம். ஆறவிட்டுச் சுடட்டும். மறந்துவிடாதே.

குழந்தை கிருஷ்ணவேணிக்கு என் முத்தம்.

ஆசீர்வாதங்களுடன்,
சக்கரபாணி


திண்டிவனம்
18-12-1958

அண்ணாவுக்கு வணக்கம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

கார்த்திகையில் மல்லாட்டையைப் பிடுங்கிவிட்டோம். ஒரே வெடியில் ஒரு பெரிய பன்றி விழுந்தது. தெருவே கறி தின்றது. கிணற்றுப் பாசனத்தில் மறுபடியும் இப்போது மல்லாட்டைதான் விதைத்திருக்கிறோம். தை, மாசியில் மீண்டும் காவல் காக்க வேண்டும்.

ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். போன வாரம் பன்றிக் கூட்டத்தைப் பார்த்து மளமளவென்று மூன்று வெடி சுட்டிருக்கிறார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது, பன்றியை விட்டு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் பனை மரத்தில் பாய்ந்தது. நீங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியதை நான் சொல்லத்தான் சொன்னேன். "பன்னி என்ன, ஆறட்டும்னு நின்னுக்கினு இருக்குமா?" என்று சிரித்தார். ரைபிளைக் கொண்டுவந்து காட்டட்டுமா? எழுதுங்கள்.

இன்னொரு மனக்கஷ்டம். இவருடைய பங்காளி பச்சைமுத்து இருக்கிறாரே, நம் நிலத்துக்கு இடப்பக்கத்துக்காரர், ஏரிக் கால்வாயை மறித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் வாய்த்தகராறு. உங்கள் மாப்பிள்ளை கோபத்தில், "இன்னொரு தபா மறிச்சின்னா உன்ன சுட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்தபின் அவரே வருத்தப்பட்டார். இந்த மனுஷனுக்கு வாய்தான் எதிரி.

பொங்கலுக்கு அண்ணியை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கை
தையல்நாயகி


விழுப்புரம்
9-2-1959

தங்கைக்கு ஆசீர்வாதம். பொங்கலுக்கு வர முடியவில்லை. கடிதம் எழுதவும் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். இங்கு சுகம்.

ரைபிளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. பனை மரம் நகராது, கைதான் நகரும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

சக்கரபாணி


திண்டிவனம்
27-2-1959

அண்ணா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவரைப் போலீசு உள்ளே வைத்து ஐந்து நாள் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம். ஆட்கள் தகரம் தட்டிப் பன்றிகளை விரட்டிவிட்டார்கள். இவர் கிணற்றுமேட்டில் இருந்து இரண்டு சுட்டார். ஒன்று விழுந்தது. ஒரு பெரிய ஆண் பன்றி நூற்றைம்பது கஜம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றதாம். அதற்கு மூன்றாவது வெடி சுட்டார். பன்றி ஓடிவிட்டது. அதற்கு இடப்பக்கம், காட்டாமணக்கு வேலிக்குப் பின்னால் இருந்து ஆள் அலறுகிற சத்தம் வந்தது. பச்சைமுத்து. தகரச் சத்தம் கேட்டுத் தன் வயலுக்குப் பன்றி வருகிறதா என்று பார்க்க வந்து வேலி ஓரம் குனிந்திருக்கிறார். நெஞ்சில் பட்டுவிட்டது. இவரேதான் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டச் சொன்னார். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அந்தச் சட்டையோடேயே போலீசு ஸ்டேஷனுக்குப் போய், ரைபிளையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

என்னிடம் சொன்னது இதுதான்: "பன்னியத்தான் குறி வச்சேன் தையலு. அவன் அங்க இருந்ததே எனக்குத் தெரியாது."

யார் நம்புகிறார்கள்? டீக்கடையில் சொன்ன வார்த்தையை ஊரே சாட்சி சொல்கிறது. பச்சைமுத்துவின் பெண்சாதி சின்னபொண்ணு எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன்.

நமக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். உடனே புறப்பட்டு வாருங்கள் அண்ணா.

தையல்நாயகி


விழுப்புரம்
3-4-1959

சௌபாக்கியவதி தங்கைக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்கும் உன் அண்ணிக்கும் சோறு இறங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்தபின் கடை லைசென்சைப் புதுப்பிக்கிற நேரமாகிவிட்டது. இப்போது கடையை விட்டு நகர்ந்தால் அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள். அதனால்தான் வரவில்லை, வேறொன்றும் இல்லை.

நல்ல வக்கீலாகப் பார். மாப்பிள்ளையின் உடம்பை விசாரித்ததாகச் சொல்.

ரைபிள் யாரிடம் இருக்கிறது? போலீசில் யாராவது குழலைக் கழற்றினார்களா? உள்ளே பார்த்தார்களா? தெரிந்தால் எழுது. அந்த ஆற்று மணலில் சுட்டுப் பார்த்ததைப் பற்றி மாப்பிள்ளை ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சக்கரபாணி


திண்டிவனம்
20-6-1959

அண்ணாவுக்கு வணக்கம். அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? கிருஷ்ணவேணி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். போனால் பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

கேஸ் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் விசாரணை. வக்கீல் தேவசகாயம் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். வீட்டில் இருந்த உங்கள் கடிதங்களைக் காட்டினேன். 'இரண்டு வெடிக்கு மேல் வேண்டாம்' என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அன்றைக்கும் தவறியது மூன்றாவது வெடிதானே, உங்கள் அண்ணன் எதற்காக அப்படி எழுதினார் என்று கேட்டார். தெரியாது என்றேன். குழலில் கோளாறு இருந்தது என்று மாட்டியவரே வந்து சொன்னால் கொலை என்கிற பேச்சு நிற்காது, விபத்து என்று ஆகிவிடும் என்கிறார். உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சம்மன் வரும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். வக்கீலுக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, பன்றியைத்தான் பார்த்தேன் என்கிறார். இந்தப் பக்கம் ஊரே பழி வாங்கிவிட்டார் என்கிறது. நடுவில் நின்று எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவருக்குக் கோபம் வந்தால் என்ன ஆவார் என்று பன்னிரண்டு வருஷமாகப் பார்த்தவள் நான். அந்த ரைபிளில் கோளாறு உண்டா, இல்லையா? உண்டு என்றாலும் இல்லை என்றாலும் நீங்கள் சொல்வதை நம்புவேன். நீங்கள் என்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

தையல்நாயகி


விழுப்புரம்
8-7-1959

தங்கைக்கு ஆசீர்வாதம். சம்மன் வந்தது. கோர்ட்டில் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். இந்த மாதிரி விஷயத்தைக் கடிதத்தில் எழுதுவது நல்லதில்லை. இந்தக் கடிதத்தையும் வக்கீலிடம் காட்ட வேண்டாம்.

சக்கரபாணி


திண்டிவனம்
30-8-1959

அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது. நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கோர்ட்டு வாசலில் என்னிடம் பேசாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்கள் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். நீங்கள் போனபின் இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சர்க்கார் நிபுணர் இரண்டு வெடி சுட்டுப் பார்த்ததில் இரண்டும் குறியில் பட்டன என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குமேல் நீங்கள் சொன்னதைத்தான் ஜட்ஜு பெரிதாக எடுத்துக்கொண்டார். 'சொந்த மைத்துனரே குழலில் குறை இல்லை என்கிறார், இரண்டு வெடிக்கு மேல் வேண்டாம் என்பது எந்தப் புதுக் குழலுக்கும் சொல்கிற புத்திதான் என்கிறார்' என்று தீர்ப்பில் வாசித்தார்.

அண்ணா, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தங்கையின் தாலிக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லவில்லை. கூண்டில் நிற்கும்போது நீங்கள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று அழுதேன்.

ஜெயிலுக்குப் போய் அவரிடம் கேட்டேன். "இப்பனாச்சும் உண்மைய சொல்லு. வேணும்னுதானே சுட்ட?" என்றேன். அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். "எங்க அண்ணன் பொய் சொல்லாது" என்றேன். "ஆமா, மச்சான் பொய் சொல்ல மாட்டார்" என்று சொல்லிக்கொண்டே கம்பியை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஒப்புக்கொண்ட மாதிரிதானே அது?

இனிமேல் அவரைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு பெண்ணின் தாலியை அறுத்தவர் முகத்தைப் பார்த்து நான் என்ன பேசுவேன்? அப்பீல் போடலாம் என்று வக்கீல் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். சின்னபொண்ணு வீட்டுக்குப் போய் அவள் காலில் விழுந்துவிட்டு வந்தேன்.

அண்ணிக்கு என் வணக்கம். எனக்கு இனி நீங்கள்தான்.

தையல்நாயகி


விழுப்புரம்
12-1-1960

தையல்நாயகிக்கு அண்ணன் எழுதுவது.

நான்கு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடைசிக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டிருக்கிறேன். எடுத்துப் படிக்கத் தைரியம் இல்லை.

அந்தக் குழலில் வளைவு உச்சியில் இல்லை. பக்கவாட்டில் இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் வளைவைப் பார்த்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன். தோளைத் தேய்த்து முறுக்குவது மட்டும் பாக்கி. பூஜை அன்று அரத்தைத் தொடக் கூடாது என்று அப்படியே வைத்தேன். உன் அண்ணி கடையைச் சுத்தம் செய்தாள். அரம், குறடு, குழல் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கினாள். என் பொட்டு போய்விட்டது. அவள் வைத்த பொட்டு இருந்தது. மறுநாள் காலை மாப்பிள்ளை வந்து நின்றார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு, இருந்த பொட்டை உச்சிக்குக் கொண்டுவந்து முறுக்கிவிட்டேன். மறுபடி ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஆற்று மணலில் முதல் வெடி ஐம்பது கஜத்தில் நான்கு விரல் இடப்பக்கம் போனது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கழற்றி, தேய்ந்துவிட்ட தோளுக்கு வளையம் செய்து போட்டுத் திரும்பத் தேய்க்க இரண்டு நாள் ஆகும். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "மச்சான் கைன்னா கைதான்" என்று அங்கே குளித்துக்கொண்டிருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டை வலப்பக்கம் கொண்டுவர முன் குறிக்கட்டையை இடது பக்கம் தட்டிச் சரி செய்துவிட்டேன். ஆறின குழலுக்கு அது போதும். சூடேறினால் வளைவு தன் பக்கம் இன்னும் இழுக்கும். அதனால்தான் இரண்டு வெடிக்கு மேல் வேண்டாம் என்று எழுதினேன். காரணத்தை எழுத வெட்கமாக இருந்தது. பனை மரத்துச் சேதி வந்தபோது கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வெட்கம்தான்.

கோர்ட்டில் இருந்தது வெட்கம் இல்லை. பயம். லைசென்சு போகும், என்னையும் உள்ளே வைப்பார்கள் என்று பயந்துவிட்டேன். மாப்பிள்ளை பன்றியைத்தான் சுட்டார். அவர்மேல் தப்பு இல்லை.

வக்கீல் தேவசகாயத்திடம் நானே வருகிறேன். எந்தக் கோர்ட்டிலும் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். நீ முதலில் மாப்பிள்ளையைப் போய்ப் பார். இதைப் படித்துக் காட்டு.

சக்கரபாணி


திண்டிவனம்
6-2-1960

அண்ணாவுக்கு,

நேற்றோடு கருமாதிச் சடங்குகள் எல்லாம் முடிந்தன. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஜனவரி பதினெட்டாம் தேதி வந்தது. பொங்கல் லீவில் தபாலாபீசில் கிடந்திருக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று அவர் ஜெயில் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மறுநாள் எடுப்புக்கு நீங்கள் வந்தீர்கள். பிறந்த வீட்டுக் கோடியை என் தோளில் போட்டீர்கள். அப்போது என் காதோடு, "கடுதாசி ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். உங்கள் முகம் தெளிந்தது. அந்த அழுகையிலும் அதை நான் கவனித்தேன். அண்ணன் எதற்கோ நிம்மதிப்படுகிறாரே, நல்லதுதான் என்று நினைத்தேன். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மார்கழியில் அவரிடமிருந்து இரண்டு கார்டு வந்தது. முதல் கார்டில், உடம்பு சரியில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். நான் போகவில்லை. இரண்டாவது கார்டு யாரையோ விட்டு எழுதியது. அதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் படிக்க வேண்டும்.

'நீ வராதது சரிதான். ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பன்றியைப் பார்த்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் மச்சான் குழலில் குறை இல்லை என்றால் குறை என்னிடம்தான் இருக்கும். எனக்கே தெரியாமல் என் மனசில் அவனைக் கொல்கிற எண்ணம் இருந்து, கை அந்தப் பக்கம் போயிருக்கும். சின்னபொண்ணிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.'

இப்படி நினைத்துக்கொண்டுதான் செத்தார். உங்கள் வார்த்தையை நான் மட்டும் நம்பவில்லை. அவரும் நம்பினார். தான் கண்ணால் பார்த்ததைவிட உங்களை நம்பினார்.

ஜட்ஜு கொடுத்த தண்டனையை அவர் தாங்கியிருப்பார். நான் கொடுத்ததைத்தான் தாங்கவில்லை. நான்கு மாதம் அந்தக் கம்பிக்குப் பின்னால் யாரும் வராமல் இருந்தார். கடலூர் எவ்வளவு தூரம்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் போய்விடலாம். போகாமல் இருந்தேன். நியாயம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னபொண்ணிடம் போனேன். படிக்கத் தெரியாது, நான் படித்துச் சொன்னேன். "ரெண்டு பேரும் போய்ட்டாங்க. இத யாருக்கு வந்து படிக்கிற?" என்றாள். அவள் கேட்டது சரிதான். கிருஷ்ணவேணிக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அவள் அப்பாவைக் கொலைகாரன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவர்களுக்கு அவள் பதில் சொல்லட்டும்.

கையெழுத்துப் போடுகிறேன் என்கிறீர்கள். போடுங்கள், போடாமல் இருங்கள். வக்கீல் விலாசம் உங்களுக்குத் தெரியும். நான் வந்து கூட நிற்க மாட்டேன்.

எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் பிரித்துவிடுவேன். பிரித்தால் படிப்பேன். படித்தால், சின்ன வயசிலிருந்து பழகிய பழக்கம், நம்பிவிடுவேன். அது எனக்கு வேண்டாம்.

தையல்நாயகி